மூட்டுக்கு மாத்திரை, சர்க்கரை ஏன் ஏறுது?

போன இதழில் அழற்சி பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அடிபட்ட இடமோ கிருமி புகுந்த இடமோ சிவந்து, சூடாகி, வீங்கி, வலிக்கிறதே, அதுதான் அழற்சி. வெள்ளணுக்கள் வேலையில் இறங்கியிருக்கின்றன என்பதன் அடையாளம். அதற்கு வந்த கேள்விகளைப் பிரித்துப் பார்த்தால் ஸ்டீராய்டு, தொப்பை, விட்டமின் என்று எங்கெங்கோ போய்விட்டுக் கடைசியில் எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. அதனால் இந்த முறை சேர்த்தே பார்த்துவிடலாம்.

வகுப்பில் ‘நியூக்ளியர் ரிசெப்டர்’ என்று நடத்தினார்கள். பக்கத்தில் இருந்த நண்பன் “கூடங்குளத்திலா சார்?” என்று கேட்டு வெளியே போனான். எனக்கும் அதே சந்தேகம்தான், வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.
– பி.ஃபார்ம். மாணவர், மதுரை

அணு உலைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை தம்பி. செல்லின் நடுவில் இருக்கும் உட்கருவுக்கும் நியூக்ளியஸ் என்றுதானே பெயர், அந்த நியூக்ளியர் இது. தமிழில் உட்கரு ஏற்பி என்பார்கள்.

இன்சுலின் மாதிரியான ஹார்மோன் செல்லுக்குள் நுழையாது. வாசலில் நின்று மணி அடிக்கும், உள்ளே இருப்பவர்கள் ஒருவர் காதில் ஒருவர் சொல்லிச் செய்தி உள்ளே போகும். ஸ்டீராய்டு, தைராய்டு ஹார்மோன், விட்டமின் ஏ, விட்டமின் டி, சில கொழுப்பு அமிலங்கள், கொலஸ்ட்ராலிலிருந்து பிறக்கும் சில சரக்குகள், பித்த அமிலம் இவையெல்லாம் வாசல் மணி கோஷ்டி இல்லை, நேரே வீட்டுக்குள் வருகிறவை. இவை உள்ளே போய் ஒரு புரதத்தில் பொருந்தி உட்காரும். அந்தப் புரதம்தான் ஏற்பி. அது டி.என்.ஏ.வில் போய் நின்று, இந்த மரபணுவை ஓட்டு, அந்த மரபணுவை நிறுத்து என்று சொல்லும். மனிதனிடம் இப்படி 48 ஏற்பிகள் உண்டு.

கதை 1950களின் கடைசியில் ஆரம்பிக்கிறது. சிகாகோவில் எல்வுட் ஜென்சன், கதிரியக்க அடையாளம் போட்ட ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை எலிக்குக் கொடுத்து, அது கருப்பையில் போய்த் தங்குவதைக் காட்டினார். தங்குகிறது என்றால் பிடித்துவைக்க ஏதோ ஒன்று அங்கே இருக்க வேண்டும் அல்லவா? 1985இல் கலிபோர்னியாவில் ரொனால்ட் எவன்ஸ் குழு, உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசாலின் ஏற்பி மரபணுவைப் பிடித்தது, அடுத்த வருடமே பிரான்சில் பியர் ஷாம்போன் குழு ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் மரபணுவோடு வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி ஜாடை. அப்புறம் ஜாடையை வைத்தே மற்ற சொந்தக்காரர்களைத் தேடிப் பிடித்தார்கள். 2004இல் மூவருக்கும் சேர்த்து அமெரிக்காவின் பெரிய மருத்துவ விருதான லாஸ்கர் விருது.

பரீட்சைக்கு இவ்வளவு போதும். ஆனால் பாடப்புத்தகம் சாதாரணமாகத் தாண்டிப்போகும் ஒரு விஷயம் இருக்கிறது. இந்த ஏற்பிகள் கல்லீரலிலும் கொழுப்பிலும் இருப்பது போலவே வெள்ளணுக்களிலும் இருக்கின்றன. சாப்பாட்டுக் கணக்கையும் சண்டைக் கணக்கையும் ஒரே கணக்குப்பிள்ளையிடம் கொடுத்துவைத்திருக்கிறது உடம்பு. கீழே வரும் கேள்விகளில் பெரும்பாலானவை அந்தக் கணக்குப்பிள்ளை மேல் வந்த புகார்கள்தான்.

அம்மாவுக்கு 58 வயது, சர்க்கரை நோய் கிடையாது. முடக்குவாதத்துக்கு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்தார்கள். நாலு நாளில் வலி போன இடம் தெரியவில்லை, தானே எழுந்து காபி போட்டார். மூன்றாவது வாரம் சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை 280. டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டாரா?
– வாசகி, கும்பகோணம்

இல்லை அம்மா, மாற்றவில்லை. காபி போட வைத்ததும் சர்க்கரையை ஏற்றியதும் அதே மாத்திரைதான், அதிலும் அதே ஏற்பி வழியாகத்தான்.

உங்கள் அம்மா காபி போட்டதைப் படித்ததும் எனக்கு 1948 செப்டம்பர் ஞாபகம் வந்தது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் என்ற மருத்துவர் இருந்தார். மஞ்சள் காமாலை வந்த முடக்குவாத நோயாளிகளுக்கும் கர்ப்பமான நோயாளிகளுக்கும் மூட்டுவலி தானாகக் குறைவதை அவர் இருபது வருடமாகக் கவனித்துக்கொண்டிருந்தார், உடம்பே ஏதோ ஒரு சரக்கைச் சுரக்கிறது என்று நம்பினார். அந்த செப்டம்பரில், படுக்கையை விட்டு எழவே சிரமப்பட்ட 29 வயதுப் பெண் ஒருவருக்கு, சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியில் வேதியியலாளர் எட்வர்ட் கெண்டால் கண்டெடுத்திருந்த பொருளை ஊசியில் போட்டார்கள். சில நாளில் எழுந்து நடந்தார். ஒரு வாரத்தில் கடைத்தெருவுக்குப் போய் மூன்று மணி நேரம் சுற்றிவிட்டு வந்தார். பிற்பாடு கார்டிசோன் என்று பெயர் வாங்கிய பொருள் அது. 1950இலேயே ஹென்ச், கெண்டால், சுவிட்சர்லாந்தின் ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல். பரிசு வந்த வேகத்திலேயே முகம் உப்புவது, சர்க்கரை ஏறுவது, எலும்பு தேய்வது, மனம் தடுமாறுவது எல்லாம் வெளியே வந்துவிட்டன.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? மாத்திரை ரத்தத்தில் கலந்து செல்லுக்குள் போய்க் கார்டிசால் ஏற்பியில் உட்காருகிறது. அந்தச் செல் மூட்டில் இருக்கும் வெள்ளணு என்றால், ஏற்பி உட்கருவுக்குள் போய் அழற்சியின் தலைமை சுவிட்சான என்.எஃப்.-கப்பா-பி என்ற புரதத்தை மடக்குகிறது, அழற்சியை அடக்கும் வேறு சில புரதங்களைச் செய்யச் சொல்கிறது. படைக்கு ஆள் கூப்பிடும் ரசாயனங்கள் குறைகின்றன, வீக்கம் வடிகிறது. அந்தச் செல் கல்லீரலில் இருந்தால் அதே ஏற்பி வேறு மரபணுக்களைத் தொடுகிறது, “சர்க்கரை தயாரி” என்கிறது. தசையில் இருந்தால் புரதத்தைக் கரைக்கச் சொல்கிறது, கரைந்தது கல்லீரலுக்குப் போய் அதுவும் சர்க்கரை ஆகிறது. மாத்திரைக்கு மூட்டு எது, கல்லீரல் எது என்று தெரியாது.

உடம்பு ஏன் இப்படி ஒரு ஏற்பாட்டை வைத்திருக்கிறது என்று கேட்பீர்கள். ஆபத்து நேரத்தில் மூளைக்கும் தசைக்கும் சர்க்கரை உடனே வேண்டும், அதே நேரம் வெள்ளணுக்கள் கண்மண் தெரியாமல் சண்டை போட்டு வீட்டையே கொளுத்திவிடவும் கூடாது. வெள்ளணுக்கள் சண்டைக்குக் கிளம்பினால் அவையும் சர்க்கரையைத்தான் விழுங்கும், கொஞ்சநஞ்சம் இல்லை. ஆக, எரிபொருளைத் திறந்துவிட்டுப் படையின் கடிவாளத்தையும் இழுத்துப் பிடிக்கிற ஹார்மோன் கார்டிசால். அட்ரினல் சுரப்பியை எடுத்துவிட்ட எலிக்கு, சாதாரண எலி தாங்கிக்கொள்ளும் அளவு பாக்டீரியா நச்சைக் கொடுத்தால் செத்துப்போகும். கிருமியால் அல்ல, தன் படையின் கோபத்தாலேயே.

உங்கள் அம்மா விஷயத்துக்கு வருகிறேன். காலையில் பிரெட்னிசோலோன் போடுகிறவர்களுக்குச் சர்க்கரை மத்தியானத்திலிருந்து ராத்திரி வரைதான் எகிறும், வெறும் வயிற்றில் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. அதனால் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்தது நல்லதாகப் போயிற்று. அந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். அளவைக் குறைப்பார், முடக்குவாதத்துக்கான மற்ற மருந்துகளைக் கூட்டுவார், தேவைப்பட்டால் சர்க்கரைக்கும் கொடுப்பார். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். வாரக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் சொந்த அட்ரினல் தூங்கிப்போகும், திடீரென்று நிறுத்தினால் அது எழுந்திருப்பதற்குள் ஆள் மயங்கி விழலாம். எங்கள் சித்தப்பா வீசிங்குக்கென்று ஒரு மருந்துக்கடையில் அதே சீட்டைக் காட்டிக் காட்டி இரண்டு வருடம் வாங்கிப் போட்டவர், ஊருக்குப் போன இடத்தில் மாத்திரை தீர்ந்து, மூன்றாம் நாள் ஐ.சி.யூ.வில் இருந்தார். கடைக்காரரை மட்டும் குறை சொல்லி என்ன, நாங்கள் யாரும்தான் கேட்கவில்லை.

கொரோனாவில் ஸ்டீராய்டுதான் உயிரைக் காப்பாற்றியது என்றார்கள், அப்புறம் கறுப்புப் பூஞ்சை வந்ததும் ஸ்டீராய்டால்தான் என்றார்கள். எதை நம்புவது?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், விருதுநகர்

இரண்டையும் ஐயா. 2020 ஜூனில் பிரிட்டனின் ‘ரெகவரி’ ஆய்வு, தினம் 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, அதிகபட்சம் பத்து நாள் என்று கொடுத்துப் பார்த்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் இறப்பு 41 சதவீதத்திலிருந்து 29 ஆக இறங்கியது. ஆக்சிஜன் மட்டும் வைத்திருந்தவர்களில் 26 சதவீதம் 23 ஆனது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கு எந்தப் பயனும் இல்லை, சொல்லப்போனால் கணக்கு கொஞ்சம் பாதகமாகவே இருந்தது.

நோயின் முதல் வாரத்தில் வெள்ளணுக்கள் வைரஸோடு சண்டை போடுகின்றன, அப்போது அவற்றின் கையைக் கட்டக் கூடாது. பிற்பாடு நுரையீரலைக் கெடுப்பது பெரும்பாலும் அவற்றின் வெறிதான், அப்போது கட்டியே ஆக வேண்டும். 2021 இரண்டாம் அலையில் நம் ஊரில் காய்ச்சல் வந்த முதல் நாளே, வாட்ஸ்அப்பில் வந்த சீட்டைப் பார்த்து, அளவும் இல்லாமல் நாளும் இல்லாமல் விழுங்கினவர்கள் எத்தனை பேர்! படையும் முடங்கியது, சர்க்கரையும் ஏறியது. ஏற்கெனவே சர்க்கரை நோய் இருந்தவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். கறுப்புப் பூஞ்சை என்கிற மியூகருக்கு இதைவிட நல்ல விருந்து வேறு கிடையாது.

தொப்பை கொழுப்புதானே, அதில் நோய் எதிர்ப்புக்கு என்ன வேலை? என் டாக்டர் “உங்கள் தொப்பை வீங்கியிருக்கிறது” என்கிறார், நான் அது தெரியாமலா இருக்கிறேன்?
– வங்கி ஊழியர், ஈரோடு

டாக்டர் சொன்ன வீக்கம் அளவு டேப்பில் தெரியாது. கொழுப்பு வெறும் மூட்டை என்றுதான் ரொம்ப நாள் நினைத்தோம். 1993இல் குண்டு எலிகளின் கொழுப்பில் டி.என்.எஃப். என்ற அழற்சி ரசாயனம் சுரப்பதையும் அது இன்சுலின் வேலையைக் கெடுப்பதையும் கண்டுபிடித்தார்கள். 2003இல் இன்னொரு விஷயம் வெளியே வந்தது. உடல் பருமனில் கொழுப்புக்குள் மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கும் வெள்ளணுக்கள் கூட்டம் கூட்டமாகக் குடியேறுகின்றன. கிருமி எதுவும் இல்லை, ஆனாலும் சன்னமான ஒரு சண்டை வருடக்கணக்கில் நடந்துகொண்டே இருக்கிறது.

அந்த மேக்ரோஃபேஜின் குணத்தைத் தீர்மானிப்பதில் பிபார்-காமா என்ற உட்கரு ஏற்பிக்குப் பங்கு உண்டு. கொழுப்புச் செல்லை உருவாக்குவதே இதுதான் என்று 1994இல் தெரிந்தது, மேக்ரோஃபேஜிலும் இருந்துகொண்டு அழற்சியைத் தணிக்கிறது என்று 1998இல் தெரிந்தது. 2007இல் எலியின் மேக்ரோஃபேஜிலிருந்து மட்டும் இதை நீக்கிப் பார்த்தார்கள், கொழுப்புச் செல்லைத் தொடவே இல்லை, ஆனாலும் அந்த எலிகளுக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை. வெள்ளணுவில் கை வைத்தால் சர்க்கரை மாறுகிறது! வேறொரு ஆய்வகம் வேறு விதமாகச் செய்தபோது இவ்வளவு தெளிவாக வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், விஞ்ஞானம் அப்படித்தான் இழுபறியாகப் போகும்.

உங்கள் சீட்டில் பியோகிளிட்டசோன் என்ற சர்க்கரை மருந்து இருந்தால் அது இந்த ஏற்பிக்கான சாவிதான். இந்த ரக மருந்துகளை ஜப்பானில் எலிக்குக் கொடுத்துப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள், எந்தப் பூட்டைத் திறக்கிறது என்பது 1995இல்தான் தெரிந்தது. வேடிக்கை என்னவென்றால் இன்சுலின் நன்றாக வேலை செய்யும், ஆனால் எடை கூடும். கல்லீரலிலும் தசையிலும் தப்பான இடத்தில் கிடந்த கொழுப்பு, தோலுக்கடியில் அதற்குரிய இடத்துக்கு வந்து சேர்வது ஒரு காரணம். நீர் கோத்துக்கொள்வதும் உண்டு, அதனால் இதயம் பலவீனமானவர்களுக்கு ஆகாது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பயத்தில் 2013 ஜூனில் இந்தியாவில் இதை நிறுத்தி, சில வாரங்களிலேயே எச்சரிக்கையோடு திரும்ப அனுமதித்தார்கள். அதே 2013இல் பிபார் ஆல்ஃபா, காமா இரண்டையும் தொடும் சரோகிளிட்டசார் என்ற மருந்து இங்கே அனுமதி பெற்றது. அது முழுக்க இந்தியாவிலேயே உருவானது. பலருக்கும் இது தெரியாது.

நடந்தால் தொப்பை குறையுமா என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அங்கன்வாடியில் குழந்தைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை விட்டமின் ஏ சொட்டு கொடுக்கிறார்கள். பார்வை நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு?
– இளம் தாய், பெரம்பலூர்

உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் திருச்சி மாவட்டத்தில் 15,419 சின்னக் குழந்தைகளை வைத்து ஒரு வருடம் செய்த ஆய்வு 1990இல் வெளியானது. பாதிப் பேருக்கு வாராவாரம் சிறிய அளவில் விட்டமின் ஏ. அந்தப் பக்கத்தில் இறப்பு, மற்றப் பக்கத்தில் பாதிக்கும் கீழே இருந்தது. கண் மருத்துவமனைக்காரர்கள் கண்ணுக்காக அலைந்து உயிரைக் கண்டுபிடித்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஏன் என்பது பிற்பாடு தெரியவந்தது. குடலில் இருக்கும் சில வெள்ளணுக்கள் விட்டமின் ஏயை ரெட்டினாயிக் அமிலமாக மாற்றுகின்றன. அது உட்கரு ஏற்பியில் உட்கார்ந்து, புதிதாக வந்த டி செல்கள் என்ற வெள்ளணுக்களிடம் “நீ குடலுக்குப் போ” என்று விலாசம் எழுதிக் கொடுக்கிறது, சாப்பாட்டைப் பார்த்துச் சண்டை போடாத சாதுவான டி செல்களையும் வளர்க்கிறது. விட்டமின் குறைந்தால் குடலின் காவல் ஓட்டையாகிறது, சாதாரணப் பேதி கூட ஆளைக் கொண்டுபோகிறது. உத்தரப் பிரதேசத்தில் பத்து லட்சம் குழந்தைகளை வைத்துச் செய்து 2013இல் வெளியான ஆய்வில் இந்த அளவு பலன் தெரியவில்லை. அதைப் பற்றி இன்னும் வாக்குவாதம் ஓய்ந்தபாடில்லை. என்னைக் கேட்டால், கொடுக்கிற சொட்டை வாங்கிக்கொள்ளுங்கள், முருங்கைக்கீரையும் போடுங்கள். கடையில் நீங்களாக விட்டமின் ஏ மாத்திரை வாங்கிக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம், மிஞ்சினால் நஞ்சு.

விட்டமின் டி குறைவு என்று வாரம் ஒரு பாக்கெட் பாலில் கலந்து குடிக்கிறேன். காசநோய் கூட வராது என்கிறார் எதிர் வீட்டுக்காரர்.
– இல்லத்தரசி, ஆவடி

எதிர் வீட்டுக்காரர் பாதிக் கதை படித்திருக்கிறார். காசநோய்க் கிருமியை மோப்பம் பிடித்த மேக்ரோஃபேஜ், விட்டமின் டி ஏற்பியைக் கூட்டிக்கொண்டு, கேத்தலிசிடின் என்ற கிருமிக்கொல்லியைத் தயாரிக்கிறது என்று 2006இல் ஆய்வுக்கூடத்தில் காட்டினார்கள். அருமையான கண்டுபிடிப்பு. மீதிக் கதை, மங்கோலியாவில் கிட்டத்தட்ட 8,850 பள்ளிக் குழந்தைகளுக்கு மூன்று வருடம் வாராவாரம் கொடுத்துப் பார்த்ததில் காசநோய்த் தொற்று குறையவில்லை, 2020இல் வெளியானது. எலும்புக்காக டாக்டர் சொன்ன வாரம் வரை குடியுங்கள், அதற்கு மேல் பாலை மட்டும் குடியுங்கள்.

மஞ்சள் பால்?
– பெயர் வேண்டாம், நாகர்கோவில்

ஆய்வுக்கூடத் தட்டில் வைத்த செல்லில் மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்னென்னவோ செய்கிறது. குடித்தால் ரத்தத்தில் ஏறுவது சொற்பத்திலும் சொற்பம். ருசிக்குக் குடியுங்கள்.

தோழி ஒருத்தி கொடுத்த கிரீமில் முகம் பத்தே நாளில் பளிச்சென்று ஆகிவிட்டது. இப்போது போடாவிட்டால் எரிகிறது, பரு வருகிறது.
– கல்லூரி மாணவி, சேலம்

டியூபில் சின்ன எழுத்தைப் படித்துப் பாருங்கள், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்று ஏதாவது இருக்கும். கும்பகோணத்து அம்மா விழுங்கும் மாத்திரையின் பங்காளிகள்தான். தோலின் அழற்சியை அமுக்குவதால் முதலில் பளபளப்பு, பிறகு தோல் மெலிந்து ரத்தக்குழாய் தெரிய ஆரம்பிக்கும். படர்தாமரைக்கு இதைத் தடவி ஊரெல்லாம் பரப்பிக்கொண்டிருப்பதும் இதே கதைதான், அரிப்பு அடங்கும், பூஞ்சை கொண்டாட்டமாக வளரும். தோல் மருத்துவரிடம் போங்கள், விடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது.

நல்லதை மட்டும் செய்து கெட்டதை விடும் ஸ்டீராய்டு வராதா?
– வாசகர், புதுச்சேரி

ஐம்பது வருடக் கனவு. 1998இல் ஒரு எலி வந்து நம்பிக்கை கொடுத்தது. அதன் கார்டிசால் ஏற்பிகள் இரண்டிரண்டாக ஜோடி சேர முடியாதபடி மாற்றியிருந்தார்கள். சர்க்கரை மரபணுக்கள் பலவற்றை ஓட்ட ஜோடி வேண்டும், அழற்சியை மடக்க ஒற்றை ஆளே போதும் என்று அப்போது தோன்றியது. அப்படியானால் ஜோடி சேர விடாத மருந்து செய்துவிடலாமே என்று எத்தனையோ கம்பெனிகள் இறங்கின. பிற்பாடு பார்த்தால், சில அழற்சிகளை அடக்கவும் ஜோடி தேவைப்படுகிறது. தசைச்சிதைவு நோய்க் குழந்தைகளுக்காக 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வாமொரோலோன், எலும்பு வளர்ச்சியைப் பழைய ஸ்டீராய்டு அளவுக்குத் தடுப்பதில்லை. ஆனால் அதிலும் முகம் உப்புகிறது.

முடக்குவாதம் எனக்கு. ஸ்டீராய்டு மாத்திரையைக் காலை எட்டு மணிக்குத்தான் போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். நான் இரவு வாட்ச்மேன். எட்டு மணிக்குத்தான் தூங்கவே போகிறேன்.
– வாசகர், அம்பத்தூர்

இந்த மூட்டையில் நான் ரொம்ப நேரம் கையில் வைத்திருந்த கடிதம் உங்களுடையதுதான் அண்ணே.

எட்டு மணி என்பது பகலில் விழித்திருக்கிறவர்களுக்குப் போட்ட கணக்கு. அவர்களுக்குக் கார்டிசால் விடியற்காலையில் ஏறிக் காலையில் உச்சத்துக்குப் போகும், நள்ளிரவில் அடிமட்டத்தில் கிடக்கும். அந்த நேரத்தில் அழற்சி ரசாயனங்கள் தலையெடுப்பதால்தான் முடக்குவாதக்காரர்களுக்குக் காலையில் எழுந்ததும் விரல் மடங்காது. மாத்திரையையும் காலையிலேயே போட்டால் உடம்பின் சொந்த ஏற்றத்தோடு அது சேர்ந்துபோகும், அட்ரினல் கொஞ்சம் குறைவாகத் தூங்கும், ராத்திரித் தூக்கமும் கெடாது. வெள்ளணுவுக்கு உள்ளேயும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அதில் ரெவ்-எர்ப் என்று ஒரு பாகம், அதுவும் உட்கரு ஏற்பிதான், எந்த நேரத்தில் எவ்வளவு கோபப்படலாம் என்று மேக்ரோஃபேஜுக்கு அது சொல்கிறது.

வருடக்கணக்கில் இரவில் விழித்திருக்கிற உங்கள் உடம்பில் இந்தக் கடிகாரங்கள் எந்த மணியைக் காட்டுகின்றன என்பது எழுதிக் கொடுத்தவருக்குத் தெரிந்திருக்காது, நீங்கள் சொல்லியிருக்கவும் மாட்டீர்கள். அடுத்த முறை போகும்போது, ஒரு வாரம் எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள், எப்போது எழுந்தீர்கள், விரல் எப்போது இறுகியது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். விடுமுறை நாளில் ராத்திரி தூங்குவீர்கள் இல்லையா, அதையும் தனியாகக் குறித்துவிடுங்கள். அதுவரை மாத்திரையை விடாமல், ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.